எண்ணாலும் எழுத்தாலும்

காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. (நடைமுறையில் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம் என்பது வேறு விஷயம்.) மூன்றாவது படிக்கும் என் மகளின் கணக்கு நோட்டில் இதற்கு நேர்மாறான சட்டம். அங்கே எண் மட்டுமே செல்லும்.

'கண்ணனிடம் 12 கோலிகள் உள்ளன. இது முருகனிடம் இருப்பதைவிட 5 அதிகம். முருகனிடம் எத்தனை?' அவள் விடை 17. 'அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்பது ட்யூஷனில் தந்த சூத்திரம். இரண்டு எண்களையும் ஒரு சொல்லையும் பொறுக்கிக்கொண்டால் வாக்கியம் அநாவசியம்.

1980ஐ ஒட்டி பிரான்ஸின் கிரனோபிளில், கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருந்தால் தலைவனின் வயதென்ன என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் வயதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். (ஃப்ளாபெர் தன் தங்கைக்கு எழுதிய கடிதமொன்றில் வரும் கேலிதான் இதற்கு மூதாதை.) 'படிமம்', 'இருண்மை' என்று பொறுக்கிக் கவிதையை முடித்துவைக்கும் நம் விமர்சகர்களும் இந்த வகுப்பில் தேறியவர்கள்தாம்.

எண்களை விரலால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொன்னேன். 'யார்கிட்ட ஜாஸ்தி?' 'இது' எதைச் சுட்டுகிறது, 'விட' யார் பக்கம் நிற்கிறது என்பதற்கே அரைமணி போயிற்று. இலக்கண வகுப்புதான், சந்தேகமில்லை. 'கண்ணன்கிட்ட' என்றாள் கடைசியில். விரலை எடுத்ததும் 7 என்றாள். கூட்டலா கழித்தலா என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்: 'பரீட்சையில இவ்வளவு நேரம் தருவாங்களாப்பா?'

தரமாட்டார்கள்.