பிந்தி வரும் ஒவ்வாமை

1928-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதன் வழிவந்த மருந்துகள் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளன. ஆயினும், உயிர் காக்கும் மருந்தே ஒருசிலர் உடலுக்குப் பகையாவதும் உண்டு. அதனை ஒவ்வாமை என்பர்.

மருந்து உட்கொண்ட ஒரு மணி நேரத்திற்குள் தடிப்பும் மூச்சுத் திணறலும் தோன்றுவது ஒருவகை ஒவ்வாமை. பல நாள் சென்றபின் மேனியெங்கும் செந்நிறத் தடிப்புகள் அரும்புவது மற்றொரு வகை. முன்னதைப் பலரும் அறிவர். பின்னதோ அறியப்படாமலே போவதுண்டு.

இக்காலத்தாழ்வுக்குக் காரணம் யாது? குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒருவகை, மருந்தைப் பகையெனக் கருதி, அதனை எதிர்க்கப் பல்கிப் பெருகுகிறது. படை திரளச் சில நாள் வேண்டும். ஆதலின் ஐந்தாம் நாளிலோ, பத்தாம் நாளிலோ, சிலர்க்கு மருந்து முடிந்த பின்னரோ தோலில் அடையாளம் தோன்றுகிறது.

வடசென்னையில் காசிமேட்டு மீனவருக்கும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளருக்கும் ஒருநாள் ஓய்வு என்பது ஒருநாள் கூலியின் இழப்பாகும். ஆகவே, தொண்டைவலி கண்டதும் மருந்துக்கடையில் அமாக்சிசிலின் வாங்கி விழுங்கிவிட்டு, வேலைக்கு விரைவோர் உளர். ஒரு வாரம் கழித்துத் தடிப்பு எழுந்தால், பழி கருவாட்டின் மீதோ ஆலைத் தூசியின் மீதோ விழுகிறது; மருந்து தப்பிவிடுகிறது. அடுத்த நோய்க்கும் அதே மருந்து வருகிறது. படையோ முன்னரே பழகியது. இம்முறை ஓரிரு நாளிலேயே போர் மூண்டுவிடுகிறது.

பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால், ஓரிரு வாரங்களில் தடிப்பு மறையும். ஆனால் காய்ச்சலோடு கண்ணும் வாயும் புண்ணாவதும், தோல் கொப்புளித்து உரிவதும் உயிருக்கே ஊறு விளைக்கும். ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1922-இல் இக்கொடுநோயை விளக்கி எழுதினர். சல்பா மருந்துகளாலும் இது நேர்வதுண்டு. அந்நிலையில் கணமும் தாழ்த்தாது மருத்துவமனையை அடைதல் வேண்டும். இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை, வடசென்னை மக்களுக்கு அத்தகைய புகலிடமாய் விளங்குகிறது.

எனினும், தடிப்பெல்லாம் ஒவ்வாமை அன்று. வைரசு நோய்களாலும் தடிப்புத் தோன்றும். ஆராயாது அஞ்சி ஒதுக்கினால், நல்ல மருந்தொன்றை வாழ்நாள் முழுதும் இழக்க நேரும். ஆராய்ந்து துணிய வல்லவர் மருத்துவரே. அவர்க்கு உதவும் கடமை நோயாளிக்கு உண்டு. மருந்தின் பெயர், அதனைத் தொடங்கிய நாள், தடிப்புத் தோன்றிய நாள் ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்து, எந்த மருத்துவரிடம் சென்றாலும் காட்டுதல் வேண்டும். உடல் மறவாத ஒன்றை மனிதனும் மறத்தல் ஆகாது.