பெயிண்ட் படக் கூடாத இடம்

கிடார் பெடலின் பெட்டிக்கு வீட்டிலேயே புதுப் பெயிண்ட் அடிப்பதில் பாதி வேலை, எங்கே பெயிண்ட் படக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான். மணலூர்பேட்டையில், தென்பெண்ணைக் கரையோரம் இருந்துகொண்டு, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, சங்கராபுரம் பக்கத்து மெல்லிசைக் குழுக்காரர்களின் பெடல்களைப் பழுது பார்க்கிறேன்; பெட்டிகளுக்குப் பெயிண்டும் அடித்துத் தருகிறேன். சர்க்யூட் கெட்டு வரும் பெடல்களோடு, பளபளவென்று பெயிண்ட் அடித்த பிறகு கெட்டு வரும் பெடல்களும் என் மேசைக்கு வருகின்றன.

"அண்ணே, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நல்லாத்தாண்ணே இருந்துச்சு. இப்ப ஆம்ப்ல சொருகினாலே உர்ர்ருங்குது" என்று ஒரு பையன் கொண்டுவந்தான். திறந்து பார்த்தால், வெளிப்பக்கம் மட்டுமல்லாமல் உள்சுவர், மூடி உட்காரும் விளிம்பு எல்லாவற்றிலும் கறுப்புப் பெயிண்ட். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் கழுத்திலும் இன்னொரு முனையை உள்ளே லேசாகச் சுரண்டிய இடத்திலும் தொட்டேன். சத்தமே இல்லை. ஜாக் துளையைச் சுற்றி உள்பக்கத்தில் வாஷர் அகலத்துக்கு உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். ஸ்டார் வாஷரின் பற்கள் அலுமினியத்தைக் கடிக்கிற மாதிரி நட்டை இறுக்கினேன். பஸ்ஸர் கத்தியது, உறுமல் அடங்கியது.

அலுமினியப் பெட்டியும் சர்க்யூட்டில் ஓர் உறுப்பு. கிடாரிலிருந்து வரும் சிக்னல் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. டிரைவ், ஃபஸ் மாதிரியான பெடல்கள் அதைப் பல மடங்கு பெருக்கும். கோயில் திருவிழா மேடையைச் சுற்றிலும் சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர் ஒயர் என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சூழ்ந்திருக்கும். எர்த்தோடு சேர்ந்த உலோகப் பெட்டி அதை உள்ளே விடாது. திறந்த உலோக ஜாக் போட்ட பெடல்களில் அந்த ஜாக்கின் கழுத்துதான் பெட்டியை எர்த்தோடு சேர்க்கிறது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. சில பெடல்களில் இரண்டு ஜாக்குகளுக்கும் நடுவே எர்த் ஒயரே இருக்காது, பெட்டிதான் ஒயர். அங்கே பெயிண்ட் புகுந்தால் சிக்னல் திரும்பும் வழியே அடைபட்டுப்போகும்.

அதற்காகப் பெயிண்டை நல்ல இன்சுலேஷன் என்றும் நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான பெடல்களின் 9 வோல்ட் சாக்கெட்டில் நடுமுனை மைனஸ், வெளிவளையம் பிளஸ். பெட்டி எர்த்தில், அதாவது மைனஸில் இருக்கிறது. அதனால்தான் அந்த சாக்கெட்டைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கழற்றும்போது அது உடைந்தால், கைக்குக் கிடைத்த உலோக சாக்கெட்டைப் போட்டு, நடுவில் பெயிண்ட் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. நட்டை இறுக்கும்போது பெயிண்ட் கீறிக்கொள்ளும். பிளஸும் மைனஸும் முட்டிக்கொள்ளும்.

ஆகவே என் முதல் வேலை மாஸ்கிங் டேப். எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன் ஒயர்கள் போகிற வழியைப் பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். போர்டு, ஸ்விட்ச், பாட், எல்.இ.டி. எல்லாம் வெளியே வந்த பிறகு, உள்பக்கம் முழுவதையும் மூடி உட்காரும் விளிம்பையும் திருகுத் துளைகளையும் டேப்பால் மூடுகிறேன்.

பழைய பெயிண்டை எடுப்பதில் அவசரம் ஆகாது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் அச்சில் வார்த்த அலுமினியம். பெடல் செய்பவர்கள் வாயில் அதிகம் புழங்கும் 1590பி அளவுப் பெட்டி ஏறத்தாழ 112 மில்லிமீட்டர் நீளம், 60 அகலம். இரும்பு கேட்டுக்கு உரிக்கிற பழக்கத்தில் சிலர் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுகிறார்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும். தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். பெயிண்ட் ரிமூவர் போதும், அல்லது 220 உப்புத்தாளில் தொடங்கி 400இல் முடிக்கிற பொறுமை போதும். சூளையில் 180, 200 டிகிரியில் சுட்ட பவுடர் கோட்டிங் என்றால் நான் முழுக்க உரிப்பதில்லை. அது உறுதியாக ஒட்டியிருந்தால் மினுமினுப்பு போகத் தேய்த்துவிட்டு, அதையே அடித்தளமாக வைத்துக்கொள்கிறேன்.

அலுமினியத்தைத் தேய்த்த மறுகணமே காற்று பட்டு அதன்மேல் ஆக்சைடு படலம் வந்துவிடும். சாதாரண ப்ரைமருக்கு அதில் பிடிமானம் குறைவு. ஸ்விட்சைச் சுற்றி, ஷூ படுகிற இடத்தில்தான் முதலில் செதிலாக உரியும். அமிலம் கலந்த எட்ச் ப்ரைமர் அந்தப் படலத்தைக் கடித்துக்கொண்டு உட்காருகிறது. தின்னரால் துடைத்து, விரல் படாமல், மெல்லிய ஒரு கோட் கொடுத்தால் போதும். பெயிண்டின் ஆயுள் இங்கேயே முடிவாகிவிடுகிறது. மேலே எத்தனை விலையுயர்ந்த கேன் வாங்கினாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

எங்கே என்பதற்கு அடுத்தபடி, எப்போது அடிக்கக் கூடாது என்பது. ஆற்றங்கரை ஊரில் காலண்டரைப் பார்த்துதான் கேனை எடுக்க வேண்டும். ஆடிக் காற்றில் வறண்ட ஆற்றுமணல் பறந்து வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். தின்னர் ஆவியாகும்போது பெட்டியின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்து, லாக்கர் வெள்ளை பூத்துப்போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அந்த மாதிரி நாட்களுக்குப் பிறகு தரையும் சுவரும் காயும்வரை நான் கேனைத் தொடுவதில்லை. மார்கழியில் காலைப் பனி. சித்திரை உச்சிவெயிலில் பெயிண்ட் பெட்டியில் படுமுன்னே காற்றில் காய்ந்து, சொரசொரவென்று உட்காரும்.

எனக்கு வாய்ப்பான காலம் மாசி. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து போன பிறகு, பங்குனி உத்திரக் கச்சேரிகள் தொடங்கும் முன்னால், பெடல்களுக்கும் ஓய்வு கிடைக்கும். காற்றும் வானமும் ஒத்துழைக்கும். பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்கு மேல், நிழலான திறந்தவெளியில் அடிக்கிறேன். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். ஹார்டனர் கலக்கும் 2கே கிளியரை வீட்டில் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும்.

கேனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பெட்டிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பெட்டியைக் கடந்த பிறகே விரலை எடுக்க வேண்டும். முதல் கோட்டில் அடியிலுள்ள ப்ரைமர் தெரிய வேண்டும். அப்படியானால் அளவு சரி. ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் மூலையில் வழியும். எனாமல் கேன்களில் அடுத்த கோட்டை எப்போது அடிக்கலாம் என்று எழுதியிருப்பதை மதிக்க வேண்டும். பல கேன்களில் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து என்று இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அடியிலுள்ளது சுருங்கிக் கிளம்பும். டிங்கர் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்: என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) மேல எனாமல் அடிக்கலாம், எனாமல் மேல என்.சி. அடிச்சா தூக்கிடும். பெடலுக்கும் அதே விதிதான்.

எழுத்துக்கு நான் போவது வண்டி நம்பர் ஸ்டிக்கர் கடைக்கு. கம்ப்யூட்டரில் வெட்டிய வினைல் ஸ்டிக்கரை ஸ்டென்சிலாக ஒட்டி, இரண்டாவது நிறத்தை அதன்மேல் மெல்லத் தூவினால் கூர்மையான எழுத்து கிடைக்கும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். 'ஒலி' என்று வெட்டினால் சுழிக்குள் இருக்கும் குட்டித் துண்டுகள் தனியாகக் கழன்றுவரும். அவற்றை டிரான்ஸ்ஃபர் டேப்போடு சேர்த்து எடுத்து, அதே இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கண்ணும் இடுக்கியும் கைகொடுக்கிற வேலை. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான்.

நிறத்தை மட்டும் நான் தீர்மானிப்பதில்லை. வாசிக்கிறவரைத்தான் கேட்கிறேன். மேடையில் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில், குனிந்த பார்வைக்கு நிறம்தான் பெடலின் பெயர். 1974இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 ஆரஞ்சு. 1977இன் பாஸ் ஓடி-1 மஞ்சள். 1979இன் ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் பச்சை. இந்த வரிசைக்குப் பழகிய காலுக்கு, கறுப்புப் பெட்டிகளை அடுத்தடுத்து வைத்தால் பாட்டின் நடுவே தடுமாற்றம்.

கையால் தொட்டால் காய்ந்திருப்பது வேறு, இறுகியிருப்பது வேறு. பெட்டியை முகர்ந்து பார்க்கும்போது தின்னர் வாசம் அறவே இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். அதற்குள் நட்டை இறுக்கினால் அதன் அடியில் பெயிண்ட் பிதுங்கி வளையமாகத் தழும்பு விழும். வெளிப்பக்கம் நைலான் வாஷர், உள்பக்கம் வெறும் உலோகத்தில் ஸ்டார் வாஷர் என்பது நான் மாற்றாத ஒழுங்கு.

கடைசியாக, பெயிண்டே அடிக்கக் கூடாத பெட்டிகளும் உண்டு. எழுபதுகளின் கடைசியில் செய்த அசல் டியூப் ஸ்க்ரீமர் ஒன்றை யாராவது கொண்டுவந்தால், அதன் கீறல்களோடு துடைத்துத் திருப்பிக் கொடுப்பதே மரியாதை. அந்தப் பச்சைக்குத்தான் உலகம் விலை கொடுக்கிறது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர், கச்சேரிக் கூலியைச் சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள். வேனில் உருண்டு, திடல் புழுதியில் கிடந்து, பெயிண்ட் உரிந்த இடத்தில் வியர்வை உப்பு பட்டு அலுமினியம் வெண்பொடியாக அரித்திருக்கும். அந்தப் பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பது அலங்காரம் அல்ல, பராமரிப்பு. புதிதாகத் தொடங்க நினைப்பவர் வெறும் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் கைபழகிவிட்டு, பிறகு அடுத்தவர் பிழைப்புக்கு ஆதாரமான பெடலைத் திறக்கட்டும்.