ஜூன் மாதத்துக் கழிவு

அம்மாவின் தெருவில் 20 பெண்கள் சேர்ந்து ஏலச்சீட்டு போடுகிறார்கள். தலைக்கு மாதம் 500, மொத்தம் 10,000. கமிஷன் கிடையாது. அவசரம் உள்ளவர் தள்ளிக் கேட்பார். 2,000 தள்ளினால் கையில் 8,000. தள்ளிய பணம் ஆளுக்கு 100 ரூபாய் கழிவாகத் திரும்பும். முதலில் எடுப்பவருக்கு இது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு.

எந்த மாதம் எடுத்தால் என்ன வட்டி? ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல் பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, அம்மாவின் நோட்டுக் கணக்கை ஏற்றிப் பார்த்தேன். வட்டி மாதாமாதம் ஏறி இறங்கியது. ஜூனில் மட்டும் தள்ளு வெறும் 100 ரூபாய். கழிவு ஆளுக்கு 5.

"இது என்னம்மா?"

"அவ பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்ல? அதான் யாரும் எதிர்க்கக் கேக்கல."

இதையே ஆப் ஆக்கினால் நல்ல காசு என்கிறான் நண்பன். வரலாம். ஆனால் முகம் தெரியாதவர்கள் ஏலம் கேட்கும் இடத்தில், ஒருத்தியின் அவசரம் கூடக் கூட மற்றவர்களுக்குக் கழிவு கூடும். அம்மாவின் தெருவில் அதே அவசரம் தெரிந்தால் 19 பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தை எந்த பட்டனில் வைப்பது?