செருப்பு மாட்டும்போது வரும் பேச்சு

காலை ஒன்பதே கால் மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வண்டி கிளம்பியது. பின்சீட்டில் எனக்கும் இயன்முறை மருத்துவருக்கும் நடுவே காஸ் துணிக் கட்டு, இரண்டு யூரின் பை, கையுறைப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மாத்திரைகள். முன்சீட்டில் நர்ஸம்மா. மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்கள். அன்றைக்கு ஐந்து வீடு.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றால் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுப்பது என்றுதான் பலருக்கும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குள் இன்னொரு வேலையும் இருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களையும், இதற்கு மேல் வைத்தியம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையும் போய்ப் பார்ப்பது. காகிதத்தில் அதற்கு நோய் ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். நாங்கள் போன ஊர்களில் ‘புண்ணு கட்ட வர்ற வண்டி’.

ஒருவர் வாய்விட்டுக் கேட்பதும் அவருக்கு உள்ளபடி வேண்டியிருப்பதும் பல நேரம் வேறு வேறு. கேட்டதை வைத்து வேண்டியதைக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் தொற்றிக்கொண்டேன்.

முதல் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு அப்பத்தா. பக்கவாதம். பேச்சு நின்று மாதமாகிறது; இப்போது இரண்டு நாளாகக் கஞ்சியும் இறங்கவில்லை. மருமகள் எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்கக்கா.” நர்ஸம்மா முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அப்பத்தாவின் உதட்டை ஈரத் துணியால் துடைத்தபடியே, “குளுக்கோஸ் ஏத்தச் சொல்லி யாரும் சொன்னாங்களாம்மா?” என்றார்.

அவ்வளவுதான், அந்தப் பெண் உடைந்துவிட்டார். நாத்தனார் போனில் கேட்டாராம்: “எங்காத்தாளப் பட்டினி போட்டா கொல்ற?” தெருவிலும் அதே பேச்சு. சொட்டுச் சொட்டாக இறங்கும் ஒரு பாட்டில் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி தொங்கினால் போதும், ஊர் வாய் அடங்கும். தாகம் அப்பத்தாவுக்கு இல்லை, மருமகளுக்கு.

கடைசிக் கட்டத்தில் உடம்பு தண்ணீரை ஏற்காது, ஏற்றினால் மூச்சுமுட்டலும் வீக்கமும்தான் மிஞ்சும் என்று உள்ளே அவரிடம் விளக்கினார் நர்ஸம்மா. வைத்தியம் வெளியே வந்துதான் நடந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி உரத்த குரலில், “முதுகுல ஒரு புண்ணு இல்லம்மா! ரெண்டு மணிக்கொருதடவ திருப்பிப் போட்டு இப்படிப் பாத்துக்கிற வீடு இந்த ஏரியாவுலயே இல்ல. டாக்டரே குளுக்கோஸ் வேணாம்ன்டாரு” என்றார். திண்ணையில் தலைகள் ஆடின. நாத்தனாரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வீட்டுக்குள் நுழையும்போதே வாடை வந்தது. மார்பில் புற்று, வெடித்துத் திறந்த புண். ஐம்பது வயதுக்காரம்மா. மூக்கைப் பொத்தக் கூடாதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டது தூக்க மாத்திரை. வலி எவ்வளவு என்று கேட்கும்போது நர்ஸம்மா பூஜ்யத்திலிருந்து பத்து வரை என்றெல்லாம் போவதில்லை. “முழு ரூவாய்க்கு எத்தனை அணா வலிக்குது?” வயசானவர்களிடம் ஒருதடவை அப்படிக் கேட்டுப் பழகி, பிறகு எல்லாரிடமும் அதையே கேட்கிறாராம். “நாலணா” என்றார் அந்தம்மா. நாலணா வலிக்குத் தூக்கம் கெடாதே?

கட்டை அவிழ்த்து, உப்புத் தண்ணீரால் கழுவி, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினார். வாடையை உண்டாக்குகிற கிருமிகளை அந்தப் பொடி கொல்கிறது. விலை மலிவு, சில நாளில் வித்தியாசம் தெரியும். தூவிக்கொண்டே, “பேரன் எங்க படுக்கிறான்?” என்று சாதாரணமாகக் கேட்டார். முன்பெல்லாம் கிழவி மடியில்தான் தூங்குவானாம். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். சொல்லிவிட்டு அந்தம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்க மாத்திரை கொடுக்கவில்லை. பொடியை எப்படித் தூவுவது என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தார்.

என் அப்பா தன் கடைசி வாரத்தில் மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு, ஆறு, எட்டரை என்று நாங்களும் சளைக்காமல் சொன்னோம். யாரை எதிர்பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வண்டியில் இதைச் சொன்னேன். நர்ஸம்மா ஆறுதல் சொல்லவில்லை. தானும் முதல் வருடம் வாய் ஓயாமல் “கவலைப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்ததாகவும், அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுகிறார் என்பதைக் கவனித்த பிறகு விட்டுவிட்டதாகவும் சொன்னார். பிறகு தன் காலைக் காட்டினார். வார் வைத்துப் பக்கிள் மாட்டுகிற செருப்பு. “வீட்டுக்குள்ள எத்தனை கேட்டாலும் ஒன்னுமில்லம்பாங்க. வாசல்ல வந்து செருப்பு மாட்டும்போதுதான் சார் விஷயம் வரும். அதான் மாட்ட நேரமாகுற செருப்பா வாங்கிருக்கேன்.” விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் விருந்தாளியை வழியனுப்ப வந்து வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுகிற ஊர் நம்முடையது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நோய் ஆதரவுச் சிகிச்சைத் துறைக்கே வழிகாட்டியான லண்டன் சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன் பிறகுதான் டாக்டர். 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த அவர், சாகப்போகிறவரின் வலியில் உடம்பு, மனசு, குடும்பம், பணம், சாமி எல்லாம் கலந்திருக்கிறது என்றார். நம் பக்கத்தில் கோழிக்கோட்டுக்காரர்கள் 1993-இல் இந்த வேலையை ஆரம்பித்து, ஊர்க்காரர்களையே பழக்கி வீடுவீடாக அனுப்பினார்கள். அபினியைச் சட்டப்படி பயிரிடுகிற நாடு இது. ஆனால் 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அபினியிலிருந்து வரும் வலி மருந்தான மார்பின் மாத்திரையைக் கண்ணில் காட்டாமல் இருந்தன. 2014-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த முடிச்சைத் தளர்த்த வேண்டியிருந்தது. பதினாறணா வலியில் கிடக்கிறவரிடம் மனசைப் பற்றிப் பேச முடியாது. முதலில் மாத்திரை, அப்புறம்தான் பேச்சு. இதில் நர்ஸம்மா கறார்.

மூன்றாவது, நான்காவது வீடுகளில் அதிக நேரம் இருக்கவில்லை. ஒன்றில் மூத்திரக் குழாய் மாற்றினார்கள். மற்றதில் முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞனுக்கு இயன்முறை மருத்துவர் கால் பயிற்சி கொடுத்தார். அவன் ஐபிஎல் தவிர வேறெதையும் பேசவில்லை. அதையும் பேச விட்டார்கள்.

ஐந்தாவது வீட்டுக் கேட்டிலேயே நோயாளியின் மனைவி எங்களை மடக்கினார். “அவருக்குத் தெரியாது. அல்சர்னுதான் சொல்லிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிறாதீக.” உணவுக்குழாயில் புற்று. உள்ளே கட்டிலில் அறுபது வயதுக்காரர் ஒருவர், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. வெந்நீர் வேண்டுமென்று அந்தம்மாவை அடுப்படிக்கு அனுப்பினார் நர்ஸம்மா. அவர் தலை மறைந்ததும் கட்டிலிலிருந்து தாழ்ந்த குரல்: “அவளுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவா.”

“உங்களுக்கு என்னய்யா தெரியும்?”

“மதுரையில வார்டு வாசல்ல எழுதியிருந்துச்சே. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்னு யாரும் நெனைக்கல.” சிரித்தார். இருமல் வந்தது.

வலி எட்டணா. மலச்சிக்கல் உண்டு, மார்பின் சாப்பிட்டால் அது வரும், அதற்கும் மாத்திரை எடுத்துக்கொடுத்தார். வேறேதும் உண்டா? ஒன்றுமில்லை. இரண்டாம் தடவையும் ஒன்றுமில்லை.

வெளியே வந்து நர்ஸம்மா குனிந்து வாரை மாட்ட ஆரம்பித்தார். பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டே அவர் நிலைப்படிவரை வந்துவிட்டார். “இந்த வீடு எம்பேர்ல இருக்கு. இவ ரெண்டாந்தாரம். மூத்தவளுக்கு ரெண்டு பயலுக இருக்கானுக. இவ பேருக்கு எழுதி வச்சிட்டா நிம்மதியாப் போவேன். ரிஜிஸ்தர் ஆபீசு படியேற என்னால ஆகாது. காரு வச்சா எதுக்குன்னு இவ கேப்பா.”

நர்ஸம்மா வாரை மாட்டி முடிக்கவில்லை. “அக்காகிட்ட நீங்களே சொல்றீங்களாய்யா, இல்ல நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லுவமா?”

அவர் வெகுநேரம் தெருவைப் பார்த்தார். “வியாழக்கெழம வருவீகள்ல?”

“வருவேன்.”

“அன்னிக்கு.”

உள்ளே அந்தம்மா டம்ளருடன் நின்றிருந்தார். கேட்டிருப்பாரா என்பதை முகம் காட்டவில்லை.

வண்டியில் நர்ஸம்மா படிவத்தை எடுத்தார். வலி, தூக்கம், பசி, மலம், புண் என்று கட்டங்கள். பத்திரத்துக்குக் கட்டம் இல்லை. ஓரத்து வெள்ளையில் பென்சிலால் எழுதினார்: ‘வியாழன். மனைவியுடன் பேச்சு. சார்பதிவாளர், வீட்டுக்கு.’

உடம்பு முடியாமல் அலுவலகத்துக்கு வர இயலாதவரின் வீட்டுக்குச் சார்பதிவாளரே போய்ப் பத்திரம் பதியலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. இது நர்சிங் பாடத்தில் வராது. அவருக்குத் தெரிந்திருந்தது.