வரிசையில் ஓர் இடம்

தீபாவளி விடுமுறைக்கு வந்த பேரன், போட்டோக்களைத் தேதிவாரியாக அடுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் காட்டினான். நல்ல வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது கிடக்கும் இடத்தின் முழு முகவரியையும் அடித்துத்தான் ஓட்டினான். "எல்எஸ்னு ரெண்டெழுத்து அடிச்சா ஓடுது, என்னுது மட்டும் ஏன் ஓடல தாத்தா?" என்றான்.

யூனிக்ஸோடு மாரடித்தே தலை நரைத்தவன் நான். பெயரைச் சொன்னதும் ஷெல் உலகம் முழுக்கத் தேடாது. 'பாத்' என்றொரு பட்டியல் உண்டு. முக்காற்புள்ளி போட்டுப் பிரித்த டைரக்டரிகள். அவற்றை இடமிருந்து வலமாகப் பார்த்து, முதலில் அகப்படுவதை ஓட்டிவிடும். அடுத்த டைரக்டரியில் இதைவிட நல்லது இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. 1979-ல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லிலேயே இந்த வழக்கம் உண்டு. திறமை இருந்தும் வரிசையில் இடமில்லாமல் நின்ற மனிதர்களையும் எனக்குத் தெரியும்.

வீட்டு டைரக்டரிக்குள் 'பின்' என்று ஒன்று திறந்து ஸ்கிரிப்டை அதில் வைத்தோம். எந்த மொழியில் ஓட்டுவது என்று சொல்லும் ஷிபாங் முதல் வரியிலேயே இருந்தது. சிமோட் கொடுத்து ஓடும் அனுமதி வாங்கினோம். பாத்தில் சேர்க்கும் கட்டம் வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பழைய பாத்தை விட்டுவிட்டு, என் டைரக்டரியை மட்டும் புரொஃபைல் கோப்பில் எழுதினேன். மறுபடி லாகின் செய்தால் எல்எஸ் இல்லை, விஐ இல்லை. சிடி, எக்கோ மட்டும் ஓடின. அவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. வியர்த்துவிட்டது. பக்கத்து சீட்டு சீனியர், "பழைய ஆளுங்களைத் துரத்திட்டு யாரை வச்சுக் கடை நடத்தப் போறே தம்பி?" என்று சிரித்துக்கொண்டே, விஐயின் முழு முகவரியை அடித்துத் திறந்து சரிசெய்தார். புதியதோடு பழையதையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பேரன் ஒழுங்காகச் சேர்த்தான். பெயரை அடித்தான். ஒன்றும் நடக்கவில்லை, திரை குத்துக்கல்லாக நின்றது. அவன் வைத்த பெயர் 'டெஸ்ட்'. அந்தப் பெயரில் ஷெல்லுக்குள் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். வாயே திறக்காத ஆசாமி. பாத்தில் முதலிடம் கொடுத்தாலும் அவரை மீற முடியாது. 'டைப்' கமாண்டிடம் கேட்டால் யார் யார் என்று சொல்லிவிடும் என்றேன்.

'அடுக்கு' என்று கேட்டுப் பார்த்தான். அப்படி யாரும் இல்லை என்றது.

"காலியா இருக்கு தாத்தா!" என்றான்.