மஞ்சள் விளக்கு

கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் நம்மவர் கூலிகளாய் உழன்ற நாளில், அவர்களை மேற்பார்க்க நம்மவரிலேயே அமர்த்தப்பட்டவருக்கு வழங்கிய பெயர் அது. பெங்களூரில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் பதினெட்டுப் பேருக்கு மேலாளராயிருந்த நாம், அப்பெயர் நமக்கும் பொருந்தக் கூடுமென்று நெடுநாள் எண்ணியதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னரே நமது அலுவலகம் காலியாகிவிட்டது. தென்காசிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த இளைஞரொருவர் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடைபெற வந்தார். “தம்பி, வீட்டிலிருந்து வேலை ஓடுமா?” என்று வினவினோம். அவர் சிரித்தார். “எங்கம்மா முப்பது வருஷமா வீட்டிலிருந்துதான் சார் வேலை பார்க்கிறாங்க. பீடிக் கடைக்காரர் கட்டைத்தான் எண்ணுவார். சொளகை மடியில வெச்சு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.”

அக்கடைக்காரரை உத்தமரென்று நாம் கூற வரவில்லை. இலையை எடை குறைத்துக் கொடுப்பதும், நல்ல பீடியைக் கழிவென்று தள்ளுவதும் அத்தொழிலில் பழைய முறையீடுகள். வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளரென 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற பின்னும் அவை ஓய்ந்தபாடில்லை. ஆயினும் அங்கே அளவு கைக்கு அகப்பட்டது: இவ்வளவு இலை, இவ்வளவு தூள், ஆயிரம் பீடி. கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவரின் ஒரு பகலை எந்தத் தராசில் நிறுப்பது?

நிறுக்கத் தெரியாத நாம் விளக்கைப் பார்த்தோம். திரையில் ஒவ்வொருவர் பெயரருகிலும் ஒரு சிறு புள்ளி உண்டு. விசைப்பலகையில் விரல் ஓடினால் பச்சை; சிறிது நேரம் ஓய்ந்தால் மஞ்சள். அவ்விளைஞரின் புள்ளி அடிக்கடி மஞ்சளாயிற்று. ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்தோம். 2 மணி 40 நிமிடம். அவ்வெண்ணைக் குறிப்பிட்டு, விளக்கம் கோரிக் கடிதம் விடுத்தோம். கோபத்தில் எழுதியதன்று, நன்கு யோசித்தே எழுதினோம் என்பதை இன்று நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் பதில் வந்தது. விளக்கமில்லை, பதினொரு நிழற்படங்கள். கோடிட்ட பள்ளி நோட்டில் பேனாவால் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய பக்கங்கள். மூன்று வாரமாய் நம் எல்லோரையும் அலைக்கழித்த சம்பளக் கணக்குப் பிழை, ஒன்பதாம் பக்கத்தில் அவிழ்ந்திருந்தது. அடுத்த மாதம் அவர் வேலையை விட்டார்.

பின்னரே இப்பொருள் பற்றித் தேடிப் படித்தோம். ஷாங்காயில் சிடிரிப் என்னும் பயண நிறுவனம் 2010-11இல் தன் அழைப்பு மைய ஊழியரில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து பணிபுரியச் செய்தது. நிக்கொலஸ் புளூமும் உடனாய்ந்தோரும் கண்டபடி வேலை 13 விழுக்காடு கூடிற்று. சோதனை முடிந்ததும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தனிமை தாளாமல் அலுவலகத்துக்கே திரும்பினர் என்பது வேறு கதை. ஆனால் அங்கே அழைப்புகளை எண்ண முடிந்தது. அதுவும் பீடிக் கட்டுப் போன்றதே. மைக்ரோசாப்ட் 2022இல் 11 நாடுகளில் 20,000 பேரிடம் வினவியபோது, தாம் நன்கு உழைப்பதாகக் கூறிய ஊழியர் 87 விழுக்காடு. அதனை முழுமையாக நம்பிய தலைவர்கள் 12 விழுக்காடு. அப்பன்னிரண்டில் நாம் இருந்திருக்க மாட்டோம்.

சென்ற ஆண்டு துணிந்து அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். மன்னிப்புக் கோரினோம். “அதை விடுங்க சார்” என்றார். இப்போதும் ஊரிலிருந்தபடியே வேறொரு நிறுவனத்தில் பணி, நல்ல ஊதியம். அங்கேயும் விளக்கு உண்டா என்று கேட்டோம்.

“இருக்கு சார். சுட்டியை மேசைக் காற்றாடியில நூலால கட்டி வெச்சிருக்கேன். அது பாட்டுக்கு அசைஞ்சுக்கிட்டே இருக்கும். நான் நோட்டை எடுத்துக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்து வேலையைப் பார்க்கிறேன்.”