முதலில் சூடு, அப்புறம்தான் பால்

அணில் குட்டி ஒன்று கையில் கிடைத்தால் நாம் உடனே ஓடுவது பாலுக்குத்தான். பசும்பாலில் தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து, வாயில் பிழிந்துவிடுவோம். அன்றைக்குக் குடித்த குட்டி மறுநாளோ அதற்கு மறுநாளோ வயிறு உப்பிச் செத்துக் கிடக்கும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது அதன் வயிற்றுக்கு எதையும் செரிக்கும் சக்தி கிடையாது. பசும்பாலில் உள்ள சர்க்கரை அதற்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது. கழிச்சல் கண்டு, உடம்பு நீரெல்லாம் வற்றிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர், கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊர்க் கால்நடை முகாமுக்கு வந்திருந்த ஒரு மருத்துவர்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு இல்லை. மரத்தின் மேல் மரமாகக் கிடந்தது. நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடமாவது ஆகும். என் மாமனார் வைத்த மரங்கள் அவை. விழாமல் சாய்ந்து நின்றவற்றைச் சில நாள் கழித்து ரம்பம் வைத்து அறுத்தார்கள். அப்படி விழுந்த ஒரு மரத்தின் மட்டை இடுக்கில்தான் அந்தக் கூடு இருந்தது. தேங்காய் நார், பஞ்சு, யார் வீட்டுச் சேலைக் கிழிசலோ, எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. தாய் நசுங்கிப் போயிருந்தது. குட்டிகளில் இரண்டு செத்துவிட்டன. மூன்றாவதன் மேல் எறும்பு மொய்த்திருந்தது. காலை மட்டும் அசைத்தது.

கண் திறக்கவில்லை. ரோமம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. முதுகில் மூன்று கோடும் பென்சிலால் லேசாக இழுத்தது போலத் தெரிந்தன. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளின இடம் அப்படியே கூம்பி நின்றது.

“டீச்சர், பாலைத் தொடாதீங்க. முதல்ல சூடு. உங்க உள்ளங்கைக்கு அது சில்லுன்னு படாம இருக்கணும். அப்புறம் ஓஆர்எஸ் தண்ணி. பாலை நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார் மருத்துவர்.

மின்சாரம் இல்லாத நாட்கள் அவை. பல்பைப் போட்டுச் சூடு காட்ட வழியில்லை. விறகடுப்பில் வெந்நீர் வைத்து, சோடா பாட்டிலில் ஊற்றி, பழைய வேட்டியைச் சுற்றி, செருப்புப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன். சூடு கூடிப்போனால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி காலியாக இருக்க வேண்டும். பாட்டில் ஆறினால் மறுபடி வெந்நீர். ராத்திரியெல்லாம் இதே வேலை. “ஊரே போச்சு, இவ அணிலுக்குத் தொட்டில் கட்டுறா” என்று அத்தை முணுமுணுத்தார். மறுநாள் நான் அசந்து தூங்கியபோது எழுந்து அடுப்பு மூட்டியவரும் அவர்தான்.

நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடர் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தது. ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்தக் கூடாது. குப்புறப் படுத்த நிலையில் தலை சற்றே உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்து முடித்ததும் அடிவயிற்றைப் பார்ப்பேன். மெல்லிய தோலுக்கு அடியில் பால் நிரம்பியது வெள்ளையாகத் தெரியும். அதன் பிறகு ஈரப்பஞ்சால் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் அந்த வயதுக் குட்டிக்குச் சிறுநீரே போகும். இது தெரியாமலேயே எத்தனை குட்டிகள் போயிருக்குமோ!

ஓர் இரவு அவசரமாக உறிஞ்சியதில் மூக்கில் பால் வந்துவிட்டது. தலையைக் கீழே சாய்த்துத் துடைத்தேன். விடியும்போது மூச்சில் கிட், கிட் என்று சத்தம். காதருகே வைத்தால்தான் கேட்கும். சளி கட்டிவிட்டது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் போனுக்குச் சார்ஜ் ஏற்றி மருத்துவரைப் பிடித்தோம். அவர் எடை பார்த்து மருந்து எழுதினார். இவ்வளவு சின்ன உயிருக்கு மருந்தின் அளவை நாமாக முடிவு செய்யவே கூடாது. சத்தம் அடங்கச் சில நாட்கள் ஆயின.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் என் கணவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வரப்பில் உட்கார்ந்தால் எழ மாட்டார். கேட்டால் பதில் இருக்காது. அவருக்குச் சொல்ல என்னிடமும் ஒரு வார்த்தை இல்லை. குட்டிக்கு என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருந்தது, இரண்டு மணிக்கொரு தரம் தெரிந்திருந்தது. அந்தப் பிடிமானத்தில்தான் நான் நின்றேன். குட்டியை நான் காப்பாற்றினேன் என்று ஊரில் சொல்வார்கள். கணக்கு அப்படி ஒருபக்கமாக இல்லை.

கண் திறந்தது. கொய்யா கடித்தது. சோறும் பிஸ்கட்டும் மட்டுமே தின்று வளரும் அணிலுக்கு எலும்பு பலவீனமாகி, பின்னங்கால் இழுத்துக்கொள்ளும் என்பதால் காய், பழம், இலை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, காலை வெயிலிலும் வைத்தோம். என் தோளில் ஏறி ரவிக்கைக் கைக்குள் நுழைந்து தூங்கும். போகாமல் என்னுடனேயே இருந்துவிடக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் மனிதர் வாசனைக்கும் வீட்டுப் பூனைக்கும் பயப்படாத அணில் வெளியே பிழைக்காது. பயத்தை அது கற்றுக்கொள்ள வேண்டுமானால் என் கை விலக வேண்டும். கொஞ்சுவதை நிறுத்தினேன். சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அது கூப்பிடும். போக மாட்டேன். பால் கொடுத்த இரவுகளைவிட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கே விடுவது? தோப்பு மொட்டையாகக் கிடந்தது. தென்னை விழுந்த ஊர்களிலெல்லாம் பனை நின்றது. எங்கள் குளக்கரைப் பனைகளும் அப்படியே நின்றன. அந்த இடத்தைச் சொன்னவர் என் கணவர். கூண்டை அவரே தூக்கிக்கொண்டு வந்து பனையடியில் உயரமாகக் கட்டி, கதவைத் திறந்து வைத்தார். சில நாட்கள் இரவானால் கூண்டுக்குத் திரும்பியது, வைத்த தீனியைத் தின்றது. பிறகு திரும்பவில்லை.

வளர்த்தவள் என்ற முறையில் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தாய் உயிரோடு இருந்தால் குட்டியை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. கதகதப்பாக்கி, ஒரு பெட்டியில் வைத்து, கூடு இருந்த மரத்தடியில் பூனை, காக்கை எட்டாமல் பகலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். பூனை கடித்த குட்டியென்றால் காயம் சின்னதாக இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனை எச்சிலின் கிருமி அதைக் கொன்றுவிடும். தென்னையில் மட்டை கழிக்க ஆள் ஏற்றும்போது, அரிவாளை வைப்பதற்கு முன் இடுக்கில் கூடு இருக்கிறதா என்று ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள்.